கோப்பி மிசினும் யாப்பும்

(எமது சங்கத்தின் வருடாந்த மீளாய்வுக் கூட்டத்தில் ஆற்றிய உரை. புத்தாண்டு மலர்க் குழுவினர் கேட்டதற்கிணங்க எழுத்தில் தரப்படுகிறது.)



மீளாய்வுக் கூட்டத்துக்கு வருகிற யோசனைகளை எப்படிக் கையாள்வது என்பதுதான் எனக்குத் தந்த தலைப்பு. இதுக்குப் படிச்ச ஆள் ஒருவரைக் கூப்பிட்டிருக்கலாமே என்று சிலர் நினைப்பீர்கள். நானும் நினைத்தேன். ஏ.எல். சோதனையோடு பள்ளிக்கூடம் போகிறதை விட்டவன் நான். ஆனால் நான் வேலை செய்கிற பக்ரறியில் யோசனை சொல்லுறது, அதைப் பரிசோதிக்கிறது, ஏற்கிறது, தள்ளுறது எல்லாம் மாதாமாதம் நடக்கிற அலுவல். அங்கே கண்டதையும் இங்கே கண்டதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

போன வருடத்துக் கூட்டம் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். மண்டபத்துக்குக் கோப்பி மிசின் வாங்குவதா, இல்லாவிட்டால் வழமைபோல வீட்டிலிருந்து பிளாஸ்கில் கொண்டு வருவதா என்று முக்கால் மணித்தியாலம் கதைத்தோம். எந்த மிசின், எந்தக் கடையில் மலிவு, யார் கழுவுவது, தேத்தண்ணி குடிக்கிற ஆக்களுக்கு என்ன நியாயம் என்று எல்லாம் வந்தது. சும்மா சொல்லக்கூடாது, நல்ல கலகலப்பான விவாதம். அதுக்குப் பிறகு, மண்டபத் திறப்பைக் குடுக்க நேரமாச்சு என்ற நேரத்தில், "வேறு விடயங்கள்" என்ற கடைசித் தலைப்பின் கீழ் ஒரு தம்பி எழும்பி, சங்கத்தின் பெயரிலும் நோக்கத்திலும் உள்ள "அகதிகள்" என்ற சொல்லை எடுத்துவிட வேண்டும், இனிமேல் கலை, பண்பாடு, விளையாட்டு, முதியோர் பராமரிப்பு என்று போக வேண்டும் என்று பிரேரித்தார். இரண்டு பேர் உடனே ஆமோதித்தார்கள். "சரி, கையை உயர்த்துங்கோ" என்று பின்னாலிருந்து ஒரு குரல். பாதிப்பேர் ஜக்கெற் போட்டுக்கொண்டு நின்றார்கள். நல்ல காலம், தலைவர் அதை வாக்குக்கு விடாமல் இந்த வருடத்துக்கு ஒத்திவைத்தார். அவருக்கு அதற்காக நன்றி சொல்ல வேண்டும்.

இது தமிழாக்களின் குணம் மட்டும்தான் என்று நினைக்க வேண்டாம். பார்க்கின்சன் என்ற ஆங்கிலேயர் 1957இல் வெளிவந்த தன் புத்தகத்தில் இதையே பகிடியாக எழுதினார். ஒரு குழுவுக்கு முன்னால் அணு உலை கட்டுகிற திட்டம் வருகிறது. கோடிக்கணக்கான காசு. அது ஒருவருக்கும் விளங்காது, அதனால் இரண்டரை நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. அடுத்தது அலுவலக ஆக்களுக்குச் சைக்கிள் கொட்டகை. அது எல்லோருக்கும் விளங்கும், ஆகவே முக்கால் மணித்தியாலம். அதுக்கும் அடுத்ததாகக் கூட்டத்தில் குடிக்கிற கோப்பிக்கு ஆகும் செலவு வருகிறது, அது ஒரு மணித்தியாலத்துக்கும் மேலே போகிறது. அவர் எங்கட மண்டபத்துக்கு வந்துபோன மாதிரித்தான் எழுதியிருக்கிறார்.

நான் சொல்ல வந்தது இதுதான். எங்களிடம் வருகிற யோசனைகள் இரண்டு சாதி. ஒன்று, செய்து பார்த்துப் பிடிக்காவிட்டால் திரும்பப் பழையபடி விடக்கூடியது. கோப்பி மிசின் அப்படி. வகுப்பு நேரத்தை மாற்றுவது, விழாவில் சாப்பாட்டுக்கு ரிக்கற் போடுவது, கதிரைகளை வேறுமாதிரி அடுக்குவது எல்லாம் அப்படி. மற்றது, ஒருக்கா செய்தால் திரும்பி வர முடியாதது, அல்லது வருவது மிகவும் கஷ்டமானது. பெயரை மாற்றுவது, நோக்கத்தை மாற்றுவது, சேர்த்து வைத்த காசில் கட்டடம் வாங்குவது, இன்னொரு சங்கத்தோடு சேர்ந்துவிடுவது இந்த வகை. முதலாவது சாதியைக் கெதியாய் முடிக்க வேணும். இரண்டாவதை ஆறுதலாய்ச் செய்ய வேணும். நாங்கள் தலைகீழாய்ச் செய்து வருகிறோம்.

முதலில் சின்ன யோசனைகளைப் பற்றிச் சொல்கிறேன். அவைதான் கனக்க வருகின்றன, வந்து காணாமலும் போகின்றன.

எசன் நகரத்தில் இரும்பு உருக்குத் தொழிற்சாலை நடத்திய அல்பிறெட் குறூப் 1872இல் தன் தொழிற்சாலைக்கென்று ஒரு பொது ஒழுங்குவிதி வெளியிட்டார். அவர் கடும்பிடியான முதலாளி, தொழிற்சங்கம் என்ற பேச்சே அவருக்கு ஆகாது. ஆனால் அந்த ஒழுங்குவிதியில் ஒரு பிரிவு இருக்கிறது. வேலையாட்கள் எந்த மட்டத்திலிருந்து முன்னேற்ற யோசனை சொன்னாலும் நன்றியோடு வாங்க வேண்டும். ஒழுங்குகள் சரியில்லை என்று சொன்னால்கூட அதையும் வாங்க வேண்டும். பரிசோதிக்காமல் எதையும் தள்ளக்கூடாது. அதோடு இன்னொன்றும் எழுதினார்: பரிசோதித்த பிறகு தள்ளினால், எல்லாக் காரணத்தையும் சொல்ல முடியாமல் போனாலும், சொன்ன ஆள் அதை ஏற்றுக்கொள்ள வேண்டும், கோவிக்கக்கூடாது. நூற்றைம்பது வருடத்துக்கு முந்திய ஜேர்மன் முதலாளிக்கு எங்கட சங்கக் கூட்டங்கள் பற்றி என்ன தெரியும் என்று எனக்கு ஆச்சரியமாய்ப் போச்சு.

இன்றைக்கு இந்த நாட்டுப் பெரிய தொழிற்சாலைகள் பலவற்றில் யோசனைத் திட்டம் இருக்கிறது. 1972ஆம் ஆண்டின் தொழிலக அமைப்புச் சட்டம் 87ஆம் பிரிவில், அந்தத் திட்டத்தின் விதிகளை முதலாளி தனியே போட ஏலாது, பெற்றீப்ஸ்ராட் என்கிற தொழிலாளர் பேரவையும் சேர்ந்துதான் போட வேண்டும் என்று சொல்கிறது. யப்பானில் டொயோட்டாக்காரர் 1951இல் இதைத் தொடங்கினார்கள், அமெரிக்காவில் போர்ட் கம்பனியில் பார்த்துவிட்டு வந்து.

எங்கட பக்ரறியில் நடக்கிற முறை மிகவும் எளிது. ஒரு தாள். அதில் நாலு கேள்வி: இப்போது என்ன இடைஞ்சல், யாருக்கு, எப்படி மாற்றலாம், என்ன செலவு. எழுதிப் போட்டால் ஒரு இலக்கம் தருவினம். குறிப்பிட்ட நாளுக்குள் பதில் வரும்: ஓம், இல்லை, அல்லது பரீட்சார்த்தமாகச் செய்து பார்ப்போம். எங்கட பிரிவில் லேபல் அடிக்கிற மிசின் ஒரு மூலையில் இருந்தது, ஒவ்வொரு பெட்டிக்கும் எழும்பி நடக்க வேணும். அதை நடுவுக்கு மாற்றலாம் என்று ஒரு துருக்கிக்கார அக்கா எழுதிப் போட்டார். ஒரேயொரு வரிசையில் இரண்டு கிழமை செய்து பார்த்தார்கள். நல்லாய் இருந்தது, மற்ற வரிசைகளுக்கும் வந்தது. இதுக்கு ஒருவரும் கூட்டம் போட்டுச் சண்டை பிடிக்கவில்லை. கவனியுங்கோ, மிசினைத் தூக்கி வைத்தது அந்த அக்கா இல்லை. அது அதற்குரிய ஆக்களின் வேலை.

இனி எங்கட பக்கம் வருவோம். எங்கட சங்கத்தில் ஒரு யோசனையைச் சாகடிக்க மூன்று வழி இருக்கிறது.

"கவனத்தில் எடுக்கப்பட்டது" என்று கூட்டறிக்கையில் எழுதுவது முதலாவது. பழைய கூட்டறிக்கைக் கொப்பிகளை செயலாளர் எனக்கு வாசிக்கத் தந்தார். அதில் இந்த வசனம் வராத பக்கம் குறைவு. யார் கவனத்தில் எடுத்தார், எப்போது பதில் சொல்வார் என்று எங்கும் இல்லை. பாடசாலைப் பிள்ளைகள் வீதியைக் கடக்கிற இடத்தில் பெற்றோர் ஒருவர் மாறி மாறி நிற்க வேண்டும் என்ற யோசனை மூன்று வருடம் தொடர்ச்சியாகக் கவனத்தில் எடுக்கப்பட்டிருக்கிறது. அதைச் சொன்ன தாயின் பிள்ளை இதற்கிடையில் பாடசாலையே முடித்துவிட்டது.

இரண்டாவது வழி, "நல்ல யோசனை, நீங்களே செய்யுங்கோவன்" என்பது. கேட்க மரியாதையாய் இருக்கும். ஆனால் இரவு வேலை செய்கிற ஒருவரோ, கைக்குழந்தை வைத்திருக்கிற ஒருவரோ அதுக்குப் பிறகு வாய் திறக்க மாட்டார். பெண்கள் எங்கட கூட்டங்களில் ஏன் கதைக்கிறதில்லை என்று கேட்பவர்களுக்கு என்னுடைய பதில் இதுதான். கதைத்தால் வேலை தலையில் விழும். ஏற்கெனவே சமையலும் அலங்காரமும் அவர்கள் தலையில்தான் இருக்கிறது. யோசனை சொல்பவர் வேறு, செய்பவர் வேறாக இருக்கலாம் என்று நாங்கள் ஏற்றுக்கொண்டால் கன யோசனை வெளியே வரும்.

மூன்றாவது, கோவம். "கணக்கறிக்கையை ஆறு மாதத்துக்கு ஒருக்கா ஒட்டினால் நல்லது" என்று ஒருவர் சொன்னால், பொருளாளர் தன்னைக் கள்ளன் என்று சொன்னதாக எடுக்கிறார். அவருக்கு ஆதரவாக ஊர்க்காரர் எழும்புவினம். சொன்னவருக்கு ஆதரவாக அவருடைய ஊர்க்காரர். பேந்து அது கணக்கறிக்கையைப் பற்றிய கதை இல்லை. ஊரில் சனசமூக நிலையக் கூட்டங்களிலும் இதைப் பார்த்துத்தான் வளர்ந்தோம், ஆனால் அங்கே கோவிச்சுக்கொண்டு போனவர் அடுத்த நாள் கிணற்றடியில் முகம் பார்க்க வேண்டி வரும். இங்கே கோவிச்சால் ஆள் போனதுதான். இந்த நகரத்தில் எத்தனை சங்கம் உடைந்து எத்தனை சங்கம் உண்டானது என்று பெரியவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

ஆகவே சின்ன யோசனைகளுக்கு நான் கேட்பது ஒரு புத்தகம். வெறும் கொப்பி ஒன்று காணும். வாசலில் மேசையில் கிடக்கட்டும். எழுதத் தெரியாதவர், எழுத நேரமில்லாதவர் வாயால் சொன்னால் செயலாளர் எழுத வேண்டும், தமிழிலோ டொச்சிலோ. ஒவ்வொன்றுக்கும் இலக்கம். நிர்வாகசபை தன் அடுத்த கூட்டத்தில் ஒவ்வொரு இலக்கத்துக்கும் நேரே பதில் எழுத வேண்டும். "இல்லை" என்றால் ஒரு வரியில் காரணம். "ஓம்" என்றால் யார் செய்வது, எத்தனையாம் திகதிக்குள், எவ்வளவு காசுக்குள். சிறு செலவுக்கு ஒரு எல்லைத் தொகையை இன்றைக்கு நீங்களே தீர்மானித்துக் கொடுத்தால், அதற்குள் அடங்குகிற எதையும் பொதுக்கூட்டத்துக்குக் கொண்டுவரத் தேவையில்லை.

சந்தேகம் உள்ளதை மூன்று மாதத்துக்குச் செய்து பார்க்கலாம். சனிக்கிழமை வகுப்பைப் பின்னேரம் இரண்டு மணியிலிருந்து காலை பத்துக்கு மாற்றுகிற விசயம் நல்ல உதாரணம். அதைப் பற்றி நாங்கள் எத்தனையோ தரம் வாதாடியிருக்கிறோம். வேலைக்குப் போகிற பெற்றோர் கொண்டுவந்து விடமாட்டினம் என்று ஒரு பக்கம், பின்னேரம் பிள்ளைகளுக்குப் பந்தாட்டம் இருக்கிறது என்று மறுபக்கம். இரண்டு பக்கமும் ஊகம்தான். கோடை விடுமுறை முடிந்து தொடங்குகிற தவணையில் காலையில் நடத்தி வரவுப் பதிவேட்டைப் பார்த்தால் முடிந்தது. வரவு கூடினால் அப்படியே விடுவோம், குறைந்தால் பழையபடி.

அதோடு, இனிவரும் மீளாய்வுக் கூட்டத்தில் முதலாவது நிகழ்ச்சி தலைமையுரையாக இருக்காமல் இந்தப் புத்தகமாக இருக்க வேண்டும். போன வருடம் தீர்மானித்தது என்ன ஆனது? செய்தோமா, இல்லையா, செய்ததால் என்ன பலன்? தரச் சான்றிதழ் வாங்குகிற தொழிற்சாலைகள் கைக்கொள்ளும் ஐ.எஸ்.ஓ. 9001 என்ற விதியிலும் நிர்வாக மீளாய்வு என்று ஒரு பிரிவு உண்டு. முந்திய மீளாய்வில் எடுத்த நடவடிக்கைகளின் நிலை என்ன என்பதை அங்கே கட்டாயம் பார்க்க வேண்டும். தலைவர் மன்னிக்க வேணும், உரையை இரண்டாவதாக வைக்கலாம்.

சரி, இனி கஷ்டமான பகுதி.

"அகதிகள்" என்ற சொல்லை எடுக்க வேண்டும் என்று சொன்ன தம்பியைச் சிலர் கடுமையாகப் பேசினார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. அவர் இங்கே பிறந்தவர், ஜேர்மன் கடவுச்சீட்டு வைத்திருக்கிறார். வகுப்பில் கூடப் படிக்கிறவர்களுக்கு நான் அகதிகள் சங்கத்தில் உதைபந்தாட்டம் விளையாடுகிறேன் என்று சொல்ல அவருக்கு ஒருமாதிரி இருக்கிறது. அது நியாயமான உணர்வு. முதியோர் விசயமும் மெய். 1980களில் கிழக்கு பேர்லின் வழியாக இளந்தாரிகளாக வந்து இறங்கினவர்கள் இன்றைக்கு அறுபது, எழுபது. அவர்களில் தனித்துப் போனவர்கள் எங்களுக்குத் தெரிந்தே இருக்கினம். ஒரு சங்கம் தொடங்கின நாளில் எழுதின நோக்கத்தையே என்றைக்கும் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும் என்று ஒரு விதியும் இல்லை.

அமெரிக்காவில் பெரிய உதாரணம் ஒன்று இருக்கிறது. இளம்பிள்ளைவாதத்தால் நடக்க முடியாமல் போன ஜனாதிபதி ரூஸ்வெல்ற் 1938இல் அந்த நோய்க்கு எதிராக ஒரு அமைப்பைத் தொடங்கினார். சனங்கள் பத்துச் சதம் பத்துச் சதமாக வெள்ளை மாளிகைக்கு அனுப்பினார்கள். அதனாலேயே "மார்ச் ஒப் டைம்ஸ்" என்று பெயர் வந்தது, டைம் என்றால் அந்தப் பத்துச் சத நாணயம். அந்தக் காசின் உதவியோடுதான் ஜோனஸ் சால்க் தடுப்பூசியைக் கண்டுபிடித்தார். ஊசி பலன் தருகிறது என்று 1955 ஏப்ரல் 12ஆம் திகதி அறிவித்தார்கள். இனி அந்த அமைப்புக்கு என்ன வேலை? கலைத்துவிடலாம், இல்லாவிட்டால் வேறு வேலை எடுக்கலாம். அவர்கள் 1958இல் பெயரில் இருந்த வாத நோயை எடுத்துவிட்டு, பிறவிக் குறைபாடுகளைத் தடுப்பது என்று நோக்கத்தை மாற்றினார்கள். இன்றைக்கும் அந்த அமைப்பு இருக்கிறது.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் "பார்த்தீர்களா, மாறினபடியால் பிழைத்தார்கள்" என்பார்கள். நான் அதில் வேறொன்றைப் பார்க்கிறேன். ஊசி வந்த பிறகுதான் மாறினார்கள். நோயாளிகள் வரிசையில் நிற்கும்போது, "எங்களுக்கு இந்தப் பெயர் அலுத்துப்போச்சு" என்று மாறவில்லை.

எங்களுடைய வேலை முடிந்துவிட்டதா என்பதுதான் கேள்வி. எனக்கு முடிந்ததாகத் தெரியவில்லை. 2021 மார்ச் கடைசியில் டுசல்டோர்வ் விமான நிலையத்திலிருந்து எங்கட ஆக்களை ஏற்றிக்கொண்டு இலங்கைக்கு ஒரு விமானம் போனது. வாசலில் ஆர்ப்பாட்டம் நடந்தது, விமானம் போகத்தான் செய்தது. 2022இல் ஊரில் எரிபொருளும் மருந்தும் இல்லாமல் போனது, அதற்குப் பிறகு வந்தவர்கள் இருக்கினம். எங்கட நகரத்து முகாமில் டுல்டுங் கடதாசியோடு, அதைச் சில மாதத்துக்கு ஒருக்காப் புதுப்பித்துக்கொண்டு இருப்பவர்களை எங்களில் சிலருக்குத் தெரியும். கனபேருக்குத் தெரியாது. ஏனென்றால் அவர்கள் இந்த மண்டபத்துக்கு வருவதில்லை. பஸ்ஸுக்குக் காசு, உடுப்பு, "என்ன விசா" என்ற கேள்வி, இப்படிப் பல காரணம்.

நானும் யுத்தம் முடிந்த பிறகு வந்தவன். முகாமுக்கு வந்த முதல் கடிதத்தை எனக்கு வாசித்து விளங்கப்படுத்தியவர் இந்தச் சங்கத்து ஐயா ஒருவர். மேன்முறையீட்டுக்கு எத்தனை நாள் இருக்கிறது என்பது அந்தக் கடிதத்தின் கடைசிப் பக்கத்தில் இருந்தது. சங்கத்தின் பெயரில் "அகதிகள்" என்று இருந்தபடியால்தான் முகாம் அலுவலகம் அவருடைய தொலைபேசி இலக்கத்தைச் சுவரில் ஒட்டியிருந்தது. கலை பண்பாட்டுக் கழகம் என்று இருந்திருந்தால் ஒட்டியிருக்குமா? எனக்குச் சந்தேகம்.

இது என்னுடைய கருத்து. கூட்டம் வேறுமாதிரி முடிவெடுக்கலாம். ஆனால் எடுக்கிற முறைக்குச் சட்டம் இருக்கிறது, அதை எல்லோரும் அறிந்திருக்க வேண்டும் என்றுதான் கொஞ்சம் வாசித்துக்கொண்டு வந்தேன்.

நாங்கள் பதிவு செய்த சங்கம். அதுக்கு ஜேர்மன் குடியியல் சட்டம் பொருந்தும். 32ஆம் பிரிவு சொல்கிறது: கூட்டத்தில் எடுக்கிற தீர்மானம் செல்லுபடியாக வேண்டுமென்றால் அந்த விசயம் அழைப்பிதழிலேயே குறிப்பிடப்பட்டிருக்க வேண்டும். ஆகவே போன வருடம் "வேறு விடயங்கள்" என்பதன் கீழ் நாங்கள் கையை உயர்த்தியிருந்தாலும் அது நிலைக்காது. 33ஆம் பிரிவு: யாப்பை மாற்றுவதற்கு அளிக்கப்பட்ட வாக்குகளில் நாலில் மூன்று பங்கு வேண்டும். நோக்கத்தை மாற்றுவதற்கு உறுப்பினர் எல்லோருடைய சம்மதமும் வேண்டும், வராதவர்களின் சம்மதம் எழுத்தில் வர வேண்டும். எல்லோருடையதும்! சங்கங்கள் தங்கள் யாப்பில் வேறு விதமாக எழுதிக்கொள்ளலாம், அதற்குச் சட்டம் இடம் கொடுக்கிறது. எங்கட யாப்பில் யாப்பு மாற்றத்துக்கு மூன்றில் இரண்டு என்று இருக்கிறது. நோக்க மாற்றம் பற்றி ஒரு சொல்லும் இல்லை. இல்லையென்றால் சட்டத்தில் உள்ளதுதான் நிற்கும்.

ஏன் இவ்வளவு கடுமை என்று யோசித்தேன். ஒருவர் ஒரு நோக்கத்தைப் பார்த்துத்தான் சங்கத்தில் சேர்கிறார், சந்தா கட்டுகிறார். பெரும்பான்மை என்பதற்காக அவருடைய இருபது வருடச் சந்தாவை அவருக்குக் கேளாமல் வேறு காரியத்துக்குத் திருப்ப முடியாது. அது எனக்கு நியாயமாகத்தான் படுகிறது.

ஆனால் ஒரு வித்தியாசம் கவனிக்க வேண்டும். இருக்கிற நோக்கத்தை விட்டுவிடுவது வேறு. அதை வைத்துக்கொண்டு பக்கத்தில் ஒன்றைச் சேர்ப்பது வேறு. சேர்ப்பது யாப்பு மாற்றமா, நோக்க மாற்றமா என்பதை எழுதுகிற வசனத்தைப் பார்த்துத்தான் சொல்லலாம், சட்டத்தரணி ஒருவரிடம் காட்ட வேண்டும். பொதுநல அமைப்பு என்ற வரிச் சலுகைக்கு இரண்டுமே தடையில்லை. வரிச் சட்டத்தின் 52ஆம் பிரிவில் பொதுநலக் காரியங்களின் பட்டியலில் அகதிகளுக்கு உதவுவதும் இருக்கிறது, இளையோர் முதியோருக்கு உதவுவதும் இருக்கிறது, கலை பண்பாடும் விளையாட்டும் இருக்கிறது. எந்த மாற்றமானாலும் வாக்கெடுப்புக்கு முன்னரே வரைவை பினான்ஸ்அம்ற்றுக்கு அனுப்பிக் கேட்பது புத்தி. வாக்கெடுத்த பிறகு அவர்கள் "இந்த வசனம் சரியில்லை" என்றால் திரும்பவும் முழுக்கூட்டம். நீதிமன்றத்தில் உள்ள சங்கப் பதிவேட்டில் பதிந்த பிறகுதான் யாப்பு மாற்றம் செல்லும் என்பதையும் மறக்கக்கூடாது.

என்னைக் கேட்டால், தம்பியின் பிரேரணையை இரண்டாகப் பிரிக்க வேண்டும். முதியோருக்கான வேலையை யாப்பை மாற்றாமலே நாளைக்கே தொடங்கலாம். மாதம் ஒரு நாள் மண்டபத்தில் ஒன்றுகூடல், வைத்தியரிடம் போகும்போது மொழிபெயர்க்க ஒரு ஆள். சிறுவேலையாகத் தொடங்கி மூன்று மாதம் பார்க்கலாம், நான் முன்னர் சொன்ன புத்தகத்துக்குள் அது அடங்கும். வயதுபோனவர்களும் அகதியாய் வந்தவர்கள்தானே. பெயரையும் நோக்கத்தையும் மாற்றுகிற பகுதியை மட்டும் தனியாக எடுத்து, அதற்கென்று இரண்டு கூட்டம் வைக்க வேண்டும். முதல் கூட்டத்தில் வாக்கெடுப்பே இல்லை, கதை மட்டும். பழைய வசனமும் புதிய வசனமும் ஒரே தாளில் இடது பக்கமும் வலது பக்கமுமாக, தமிழிலும் டொச்சிலும் எல்லோர் கையிலும் இருக்க வேண்டும். அந்தத் தாளின் அடியில் ஒரு கேள்வி: இதை ஏற்றால் இப்போது செய்கிற எந்த வேலை நின்றுபோகும்? புதிதாக என்ன செய்வோம் என்று சொல்ல எல்லோருக்கும் ஆசை. எதை நிறுத்துவோம் என்று எழுத வைத்தால்தான் உண்மை தெரியும்.

இரண்டு கூட்டத்துக்கும் இடையில் நாலு பேர் முகாமுக்குப் போய் வர வேண்டும். அங்கே இருப்பவர்கள் உறுப்பினர் இல்லை, அவர்களுக்கு வாக்கும் இல்லை. ஆனால் சங்கம் யாருக்காக என்று எழுதியிருக்கிறதோ அவர்களைக் கேளாமல் அவர்களை எடுத்துவிடுவது எந்தச் சட்டத்தில் சரியாக இருந்தாலும் எனக்குச் சரியாகப் படவில்லை. இளையோரும் அந்த நாலு பேரில் இருக்க வேண்டும். முக்கியமாகப் பிரேரித்த தம்பி. அவர் போய்வந்த பிறகும் அதே கருத்தில் நின்றால், அந்தக் கருத்தை நான் இன்னும் கவனமாகக் கேட்பேன்.

இரண்டாவது கூட்டத்தில் வாக்கெடுப்பு கையை உயர்த்தி வேண்டாம். தகப்பன் முன்வரிசையில் இருக்க மகள் எப்படி மாறிக் கையை உயர்த்துவாள்? துண்டுக் கடதாசியில் எழுதிப் பெட்டியில் போடுவோம். ஞாயிற்றுக்கிழமையும் வேலை செய்கிற ஆக்கள் எங்களில் கனபேர், உணவகத்தில், ஆஸ்பத்திரியில், என்னைப்போல மாறி மாறி வருகிற சிப்ற்றில். 2023 மார்ச்சிலிருந்து சட்டம் மாறியிருக்கிறது. கூட்டத்தை அழைப்பவர், வர முடியாதவர்கள் கணினி, தொலைபேசி வழியாகச் சேரலாம் என்று அழைப்பிதழிலேயே அறிவிக்கலாம். அதைச் செய்து தருவதாக இளைஞர் பிரிவு ஏற்கெனவே சொல்லியிருக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், நிர்வாகசபை முகம் சுளிக்காது என்று நம்புகிறேன். நிர்வாகசபை ஒரு பெரிய விசயத்தை எடுக்காமல் இழுத்தடித்தால் உறுப்பினர்களுக்கு வழி இருக்கிறது. 37ஆம் பிரிவின்படி, யாப்பில் வேறு அளவு எழுதாவிட்டால், பத்தில் ஒரு பங்கு உறுப்பினர் நோக்கத்தையும் காரணத்தையும் எழுதிக் கேட்டால் கூட்டம் கூட்டத்தான் வேண்டும். இதை நான் சண்டைக்குச் சொல்லவில்லை. வழி இருக்கிறது என்று தெரிந்தால் கோவித்துக்கொண்டு புதுச் சங்கம் தொடங்க வேண்டிய தேவை குறையும்.

இப்போதைக்கு நான் கேட்பது மூன்று காரியம்தான். யோசனைப் புத்தகத்துக்கும் சிறு செலவு எல்லைக்கும் இன்றைக்கே சம்மதம் தாருங்கோ, இரண்டும் அழைப்பிதழில் இருக்கின்றன. பெயர் மாற்றத்துக்கு இன்றைக்கு வாக்கெடுக்க வேண்டாம், முதல் கலந்துரையாடலுக்குத் திகதி மட்டும் குறியுங்கோ. மூன்றாவது, பதிவேட்டில் பெயர் இருந்தும் வருடக்கணக்காக வராத உறுப்பினர்களின் பட்டியலைச் செயலாளர் எடுத்து வைத்திருக்கிறார். முகவரி மாறியவர்கள் இருக்கலாம், நோயாளிகள் இருக்கலாம். நோக்கத்தை மாற்றுவதானால் அவர்களுடைய சம்மதம் எழுத்தில் வேண்டியிருக்கும், அதற்கு முதல் அவர்களுக்கு விசயத்தைச் சொல்ல வேண்டும். தபாலில் அனுப்பினால் பாதி திரும்பி வரும், நேரே போவதுதான் நல்லது. சிலருடைய வீடு தூரம், வாகனம் உள்ள மூன்று பேராவது தேவை. முடிந்தவர்கள் தேத்தண்ணி இடைவேளையில் என்னிடம் பெயரைத் தாருங்கோ. அடுத்த இரண்டு கிழமை எனக்குக் காலை வேலை, பின்னேரங்களில் நானும் வருவேன்.